இருநூறு கிராம் சர்க்கரை

காலை ஆறு மணிக்கு வசுமதி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். பெர்னதெத் தூக்கக் கலக்கத்தோடு டம்ளரைக் கொண்டுவந்து வாசலில் இருந்த நிறைப்பலகையில் வைத்தாள். "சர்க்கரை இருநூறு கிராம். கடன் தொடங்கியது" என்றது பலகை.

"சாயங்காலம் தந்துடுறேன்."

"சரிக்கா."

அந்தச் சர்க்கரையை யாரும் டீயில் போடுவதில்லை. எண்ணூர் பதினேழாம் கோபுரத்தின் ஒன்பதாம் மாடியில் அது நான்கு வருஷமாக வீடு வீடாகச் சுற்றுகிறது. மஞ்சள் பூத்துக் கட்டிதட்டி, எறும்புகூட சீந்தாத சர்க்கரை! காலையில் வாங்கி மாலையில் சரியாகத் திருப்பினால் நம்பகப்புள்ளி ஒன்று ஏறும். அண்டைவீட்டுக் கைமாற்றையும் கடன் பதிவகம் எடைபோடத் தொடங்கியபின் வந்த பழக்கம் இது.

வசுமதிக்கு எழுநூறு புள்ளி வேண்டும். அவள் கணவர் குலசேகரனின் நுரையீரல்களை ஆலைப் புகை தின்றுவிட்டது. மாற்று நுரையீரல் தவணையில்தான் கிடைக்கும், அதுவும் எழுநூறு உள்ளவர்களுக்கு மட்டும். அவருக்கோ புள்ளியே கிடையாது. ஆயுசில் யாரிடமும் கைநீட்டாத மனுஷர், அதில் கொஞ்சம் வீம்பு வேறு.

"கடனே வாங்காதவரை எதை வச்சும்மா நம்புறது?" என்று பதிவக அலுவலர் கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "உங்க புள்ளியில வாங்கிக்கலாம். ஆனா உங்களுக்கு ஐந்நூத்தி நாப்பதுதான் இருக்கு."

ஒரு நாளைக்கு ஒரு புள்ளி, நூற்று அறுபது நாள். டாக்டர் ஆறு மாசம் தாங்கும் என்றிருந்தார். வசுமதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். போதும் என்றுதான் தோன்றியது.

நூற்று அறுபதாம் நாள் அது. பலகையில் அறுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. குலசேகரன் மதியம் இருமல் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தார்.

"வசு, கடலை உருண்டை சாப்பிடணும்போல இருக்கு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெல்லம் தேடிப் பிடித்துப் பாகு காய்ச்சினாள். மாலையில் டம்ளரை எடுத்தபோது சந்தோஷத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வாங்கியபடியே கொடுப்பதா என்று, சர்க்கரையின் மேல் இரண்டு உருண்டைகளை வைத்தாள்.

பலகை சிவந்தது. "வாங்கியது இருநூறு. திருப்பியது இருநூற்று நாற்பது. மறைமுக வட்டி. நாற்பது புள்ளி குறைக்கப்பட்டது."

"ஐயோ அக்கா! என்னத்த வச்சீங்க உள்ள?"

"உருண்டைதான். இதோ எடுத்துடுறேன்." எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். "பதிவு முடிந்தது" என்றது பலகை.

கடனுக்கு மேல் கொடுப்பவர் கழுத்தளவு சிக்கலில் இருப்பவர் என்பது பதிவகத்தின் முடிவு. இனி நாற்பத்தொரு நாள். வசுமதி உள்ளே போய் மிச்ச உருண்டைகளை டப்பாவில் போட்டு மூடினாள். அழுகை வரவில்லை. குலசேகரன் ஒரு உருண்டையை நெடுநேரம் மென்றார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவைத் தட்டினாள். அதற்கு மறுநாளும்.

இருபத்து மூன்றாம் நாள் விடியலில் குலசேகரனின் மூச்சு நின்றது. அவரை எடுத்துக்கொண்டு போனபின் பெர்னதெத் ஒரு சொம்புக் கஞ்சியோடு வந்து வாசலிலேயே நின்றாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"சும்மா குடுத்தா என் புள்ளி எறங்கிடும்க்கா. புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும். கடன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

முந்நூற்றுப் பத்து கிராம் கஞ்சி. குடித்தாள், ருசி தெரியவில்லை.

மறுநாள் மாலை அரிசி வேகவைத்துக் கஞ்சி காய்ச்சி அதே சொம்பில் ஊற்றினாள். வீட்டுத் தராசில் வைத்தபோது இரண்டு கரண்டி கூடுதலாக இருந்தது. அள்ளித் தொட்டியில் கொட்டினாள். மறுபடி எடை பார்த்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையையும் நகத்தால் எடுத்துப்போட்டாள்.

பெர்னதெத் சொம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடன் முடிந்தது. வாழ்த்துகள்" என்றது பலகை. "மாற்று நுரையீரலுக்கு இன்னும் பதினெட்டு புள்ளி."

"காலைல சர்க்கரைக்கு வரேன்" என்றாள் வசுமதி.