ஒரே ஒரு ஒழுங்கான கேபிள்

ரமில் ஒசோரியோவின் கழுத்தில் நீல நிற நெட்வொர்க் கேபிள்!

கண்கள் பிதுங்கி, நாக்கு வெளியே தள்ளி... சர்வர் ரூம் தரையில் கிடந்தார் மேனேஜர்.

வாசலில் நின்று பார்த்தாள் மரிவிக்.

அழுகை வரவில்லை. பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை! புருஷன் நெஸ்டர் செத்த நாளிலிருந்து அவளுக்கு அப்படித்தான். பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

செபு நகரத்து அந்தக் கால் சென்டருக்குக் கேபிள் போட்டுக் கொடுத்தது புருஷனும் பெண்டாட்டியும்தான். போன வருஷம், இதே கட்டடத்தின் கூரைக்குள் ஏறிக் கேபிள் இழுத்தபோது ஷாக் அடித்து நெஸ்டர் போய்ச் சேர்ந்தான். விபத்து என்று கேஸை மூடினார்கள். ஒசோரியோ உடனே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க மேடம்! வயர் தடுக்கும், பாத்து!"

கூப்பிட்டவர் போலீஸ் சார்ஜென்ட் கபாஹுக். கையில் பூசோ, அதாவது தென்னை ஓலைப் பொட்டலச் சோறு. பிணத்தின் பக்கத்திலேயே சோறு இறங்குகிற மனுஷர்!

மூலையில், கையில் விலங்கோடு செக்யூரிட்டி பெர்டிங் தேம்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா! நீங்களாச்சும் சொல்லுங்கக்கா! பூசோ வாங்கத்தான் வெளிய போனேன்... திரும்பி வந்தா பாஸ் இப்பிடிக் கிடக்கறார்! என் பொண்டாட்டி நிறைமாசம்க்கா!"

அவன் வாங்கி வந்த பூசோதான் சார்ஜென்ட் வாயில் இருந்தது.

"சாவி உங்கிட்டதானேடா இருந்துச்சு? வராந்தா கேமராவைப் புடுங்கி, பதிவையும் அழிச்சிருக்கு. உன்னையே உள்ள தள்ளச் சொல்லி மேலிடத்துல குடையறாங்க!"

"குழந்தை ஏசு சத்தியமா நான் இல்லை சார்!"

மரிவிக் அவனைப் பார்த்தாள். அன்றைக்கு நெஸ்டரைத் தோளில் சுமந்துகொண்டு மாடி இறங்கி ஓடியவன் இந்தப் பெர்டிங்தான். பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

"என்னை எதுக்கு வரச் சொன்னீங்க சார்?"

"சின்னச் சந்தேகம். இந்த ரூம் எப்பிடி இருக்கு மேடம்?"

"குப்பைத்தொட்டி மாதிரி. ஒரு கேபிள்லயும் லேபிள் இல்லை. எது எங்க போகுதுன்னு போட்டவனுக்கே தெரியாது. நாங்க இருந்தப்ப மாதா கோயில் மாதிரி வெச்சிருந்தோம்."

"அப்புறம் இங்க வரவே இல்லையா?"

"என் வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போன அன்னியோட சரி."

சார்ஜென்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க..."

காடாகப் பின்னிக் கிடந்த வயர்களுக்கு நடுவே... ஒரே ஒரு கேபிள்! வளையமாகச் சுருட்டி, பச்சை வெல்க்ரோ பட்டை போட்டு, பட்டையின் நுனியை உள்பக்கம் மடித்து...

"எங்கம்மா மார்க்கெட்ல பூசோ விக்கறவங்க. ஓலையைப் பாத்தாலே எவ பின்னினதுன்னு சொல்லிடுவாங்க. இது யார் கை மேடம்?"

"என் கைதான். பழசு சார்... நாங்க இருந்தப்ப கட்டினது."

"அப்பிடிப் போடுங்க!" சார்ஜென்ட் சிரித்தார். "இது அந்தப் புடுங்கின கேமராவோட கேபிள் மேடம். கேமராவை மாட்டினதே போன வாரம்தான்!"



மரிவிக் தன் விரல்களைப் பார்த்தாள். கேமரா கேபிளைப் பிடுங்கியது நினைவிருந்தது. ஒசோரியோ துடித்தது நினைவிருந்தது. தொங்கியதைச் சுருட்டிக் கட்டியது மட்டும் சுத்தமாக நினைவில்லை! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொழில் பழக்கம் அதற்கு அண்ணன்.

"சாவி ஏது மேடம்?"

"எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு. யாரும் திருப்பிக் கேக்கலை."

"ஏன் செஞ்சீங்க?"

"கரண்டை அணைச்சாச்சுன்னு ஒசோரியோதான் சொன்னார். அதை நம்பித்தான் என் வீட்டுக்காரர் மேல ஏறினார். அணைக்கவே இல்லை சார்... கஸ்டமர் போன் கட்டாயிடுமாம்."

தரையில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவரைக் கொன்னா ஏதாவது தோணும்னு நெனச்சேன். ஒண்ணும் தோணலை."

விலங்கு பெர்டிங்கின் கையிலிருந்து கழன்றது. அவன் ஓடிவிடவில்லை. அவள் முகத்தையே பார்த்தான்.

"நான் ஜெயிலுக்குப் போயிருந்தா... பேசாம இருந்திருப்பீங்களாக்கா?"

"தெரியலை பெர்டிங்."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. சார்ஜென்ட் பக்கம் கையை நீட்டினாள்.

"ரொம்ப இறுக்காதீங்க சார். இறுக்கினா உள்ள அடிபடும்... நாங்க கேபிளையே இறுக்க மாட்டோம்."

"லூசாவே மாட்டறேன் மேடம்!" என்றார் சார்ஜென்ட் கபாஹுக். "ஆனா ஸ்டேஷன்ல வயர் தொங்கினா கையை மட்டும் வெச்சுடாதீங்க... எங்க கேமரா ஒண்ணாச்சும் ஓடட்டும்!"