இரண்டு தட்டு, பிறகு ஒன்று

பாட்டுக் கேட்கும் ரிசீவரை அவன் அணைத்து அரை மணி நேரம் ஆகியும் புது சப்வூஃபர் பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

மைத்துனன் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். "பாட்டு வந்தா பச்சை, நின்னா கொஞ்ச நேரத்துல சிவப்பு. தானா முழிக்கும், தானா தூங்கும். உங்கள மாதிரி இல்ல மாமா."

மதியம் முழுக்க இருவரும் தரையில் கிடந்தார்கள். ரிசீவர் பழசு, சப்வூஃபருக்கென்று தனியாக ஒரு துளை கிடையாது. இரண்டாம் ஜோடி ஸ்பீக்கருக்கான முனைகளிலிருந்து வயரை இழுத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மைத்துனன் திருகினான். முதல் அதிர்விலேயே ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"அக்கா இருந்திருந்தா செருப்பு பறந்திருக்கும்" என்று சிரித்தான். பிறகு வயர் நுனியைப் பார்த்தபடியே கேட்டான். "கடைசி நாள் அவ ஏதாச்சும் கேட்டாளா மாமா?"

"இல்ல. தூங்கிட்டே போயிட்டா."

அவள் போன இந்த எட்டு மாதமாக அவன் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறான்.

குரல் போன பிறகு அவள் பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டுவாள். இரண்டு தட்டு, சற்று விட்டு இன்னொன்று. தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு முப்பது தடவை. அன்று இரவு வேலை முடிந்து வந்தவன் ஒரே ஒரு கேசட்டை ஒழுங்காகக் கேட்க நினைத்தான். தட்டல் வந்தது. "இரு, வர்றேன்" என்றான். ஒலியைக் கூட்டினான். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து போய்ப் பார்த்தபோது அவள் கை சுவரில் சாய்ந்திருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. டம்ளர் காய்ந்து கிடந்தது.

இப்போது அதே சுவரோரம்தான் சப்வூஃபர் பெட்டி இருந்தது. சூடேறிய ரிசீவரின் தூசி வாடை மெல்ல அடங்க, அதற்கு அடியிலிருந்து, கழுவிக் கழுவித் துடைத்தெடுத்துவிட்டதாக அவன் நம்பியிருந்த அந்த அறையின் மருந்து நெடி தரையோடு தவழ்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. ஏதோ அதிர்ந்தது. காதுக்குக் கேட்கவில்லை. பாதத்துக்குத் தெரிந்தது.

இரண்டு. சற்று விட்டு ஒன்று.

ஃபிரிட்ஜாக இருக்கும் என்று போய்ப் பார்த்தான். ஃபிரிட்ஜ் ஓடவில்லை.

இரண்டு. ஒன்று.

திருகுகளைத் தளர்த்தி வயர்களை உருவினான். செம்பு நுனி விரலைக் கிழித்தது. பச்சை. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அப்போதும் பச்சை.

இரண்டு.

அவன் காத்திருந்தான்.

ஒன்று.

"இரு, வர்றேன்" என்று அவன் வாய் தானாகச் சொன்னது.

தட்டல் நின்றது.

சமையலறைக்கு ஓடினான். டம்ளரை நிறைத்தான். வழியெல்லாம் பாதி சிந்தியது. பெட்டியின் முன் மண்டியிட்டான். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

பெட்டியின் முகத்தை மூடியிருந்த கறுப்புத் துணி உள்ளிருந்து புடைத்தது. ஒரு முட்டி. இரண்டு. நான்கும். பிறகு அவை மெதுவாக விரிந்தன. துணியை இழுத்து நீட்டியபடி ஒரு கை, அவனை நோக்கி, விரல்கள் பாதி மடங்கி, ஒரு டம்ளர் அளவுக்கு வளைந்து, அப்படியே நின்றது.