மீன் பெட்டிக்குள் வைத்த கொம்பியூட்டர்

கோயில் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்த மாதா பாட்டு நடுவிலே இழுபடத் தொடங்கியது. பாடியவளின் குரல் தடித்து, ஆண் குரலாகி, பிறகு கன்று தொலைத்த மாட்டின் குரலாகி, அப்படியே அடங்கிப் போனது. மீன் சந்தையிலிருந்து வந்து கால் நீட்டியிருந்த பெர்னடெட் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே மின்விசிறி செத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் நிற்கவில்லை, சுவர்ச் சுவிட்சில் சிவப்புப் பொட்டு மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. மின்சாரம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, உது திரும்பவும் யோசிக்குதோ?"

"யோசிக்கேல்லை," என்றான் முன்னறையிலிருந்து அவள் புருசன் எமில்ராஜ். "மணி எத்தினை எண்டு காட்டுது."

அந்தக் கணினியை அவள் தம்பி றெஜி கனடாவிலிருந்து அனுப்பியிருந்தான். குருநகரில் கலியாணவீடு, செத்தவீடு, கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிற அத்தானுக்கு, இன்னும் கடைகளுக்கே வராத அதிசயம். ஓர் அறக்குளா மீன் அளவில், கறுப்பாய், வழவழப்பாய், ஒரு திருகாணிகூட வெளியில் தெரியாமல், தன் திரைக்குப் பக்கத்தில் மேசையில் படுத்திருந்தது. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை நல்லாய் ஓடிய காலத்தில் குடித்த மின்சாரம் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, 'வெயில்' என்று சொல்லும். தன்னைத் தானே மேம்படுத்திக்கொள்ள நாள்தோறும் அனுமதி வேறு கேட்கும். 'இப்போதே' என்றொரு பொத்தான், 'கொஞ்சம் பிறகு' என்றொரு பொத்தான். 'வேண்டாம்' என்ற பொத்தானைச் செய்ய அந்தக் கம்பனிக்கு வசதிப்படவில்லை போலும்.

அன்றைக்கு அது கொதித்தது. மேசை வார்னிஷ் கருகி நாறியது. சுவரில் இருந்த பல்லி பொரிந்து விழுந்தது. எமில்ராஜ் தொலைபேசியில் றெஜியைப் பிடித்தான்.

"டேய், உன்ரை சாமான் நெருப்பாய்க் கொதிக்குதடா."

"அது அப்பிடித்தான் அத்தான். குளிராக்கி வையுங்கோ. நாங்கள் இஞ்சை யன்னலைத் திறந்து விட்டாலே காணும்."

"இஞ்சை யன்னலைத் திறந்தால் போறணை அடுப்பு வாயைத் திறந்த மாதிரி!"

தொலைபேசியை வைத்தவனின் கண் பெர்னடெட் மீன் கொண்டுபோகும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் போய் விழுந்தது. சந்தையில் விலைப்படாத இரண்டு பாரை மீன் அதற்குள் ஐஸில் கிடந்தன.

"ஐயோ, என்ரை மீன் பெட்டிக்கையோ வைக்கப் போறியள்? உங்களுக்கு மூளை கழண்டு போச்சு!"

"சொப்பிங் பையாலை சுத்தித்தான் வைக்கிறன். தண்ணி படாது. நீ சும்மா இரு."

மீன் பெட்டியை மேசையில் ஏற்றி, வயரோடு அதை உள்ளே வைத்தான். ஐஸ் சீறியது. பை உருகிச் சுருண்டு ஒரு பக்கமாய் ஒதுங்க, மீன் இரத்தம் ஊறிய செந்தண்ணீர் கறுப்புப் பெட்டியைச் சுற்றி மெல்ல ஏறியது. வெடிக்கப்போகிறது என்று பெர்னடெட் காதைப் பொத்தினாள். வெடிக்கவில்லை. தாகத்தோடு வந்தவன் செம்பைக் கவிழ்த்துக் குடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மின்விசிறி சுழலத் தொடங்கியது. கோயிலில் மாதா பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இத்தனை நாளும் ஒரு மரியாதைச் சொல்லும் காட்டாத திரையில் ஒரு புதுச் சொல் வந்தது.

'நன்றி.'

"பாத்தியே!" என்று எமில்ராஜ் தொடையில் தட்டினான். "குதிரை மாதிரி ஓடுது!"

பெர்னடெட் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். செந்தண்ணீரைக் காணவில்லை. மிஞ்சிய ஐஸ் பளிங்குபோல வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் இரண்டு பாரையும், மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி, தோலும் முள்ளுமாய்ச் சுருங்கிக் கிடந்தன. ஒன்றின் கண்குழிக்குள் மயிர் அளவில் ஒரு கறுப்புக் கம்பி நுழைந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ. மாதாவே, உதை நிப்பாட்டுங்கோ!"

"நடுவிலை நிப்பாட்ட ஏலாதடி. மேம்படுத்துது. நிப்பாட்டினால் உதுக்குள்ளை கிடக்கிற முதல் நன்மை வீடியோ முழுக்க அழிஞ்சு போகும். அந்தப் பிள்ளைக்கு இன்னொருக்கால் முதல் நன்மை குடுப்பினமே?"

திரையில் மேம்படுத்தலைக் காட்டும் கோடு கடைசி மயிரிழையில் வந்து நின்றது. 'வெளிச் சாதனம் இணைக்கப்படவில்லை.' கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டில், ஒரு கீறலும் இல்லாதிருந்த இடத்தில், ஒரு பிளவு விட்டது. உள்ளே சிவப்பு. அடுக்கடுக்காய் மடிந்த சிவப்பு. மீன் செவுளைப்போல அது திறந்து மூடியது. திறந்து மூடியது. பச்சை இரத்த மணம் அறையை நிறைத்தது.

"உதென்ன ஓட்டை? உதுக்கு என்னட்டை வயர் இல்லையே," என்று முணுமுணுத்தபடி, அளவு பார்க்க எமில்ராஜ் சுட்டுவிரலை உள்ளே விட்டான்.

செவுள் மூடியது.

நண்டுக் கால் முறிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு எல்லா விரல்களும் சேர்ந்து. எமில்ராஜ் போட்ட கூக்குரலில் தெரு ஒழுங்கை நாய்கள் எல்லாம் ஊளையிட்டன. மணிக்கட்டு உள்ளே போனது. காலை மேசையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். மேசை சாய்ந்தது. கை வரவில்லை. இரத்தம் மேற்கூரைவரை பீறியது. பெர்னடெட் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். சுவர்ப் பூச்சு அதோடு பெயர்ந்து வந்தது. திரை அணையவில்லை.

'சாதனத்தை அகற்ற வேண்டாம்.'

முன்னங்கையும் பாதி போய்விட்டது. சட்டைக் கையும் சேர்ந்து போனது. உள்ளே எதுவோ மென்றது. நிதானமாக.

"வெட்டடி!" என்று அவன் அலறினான். "பெர்னடெட், வெட்டடி! முழுக்க இழுக்குது!"

கத்தி பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுறாவின் கழுத்தை ஒரே போடில் இறக்குகிற கத்தி. அவள் கையை நினைக்கவில்லை. புருசனை நினைக்கவில்லை. முழங்கை மூட்டை மட்டும் பார்த்தாள். போட்டாள். எலும்பில் பட்டுத் தெறித்தது. இன்னொரு போடு. அவன் கத்தல் நின்றது. தோல் விடவில்லை. அறுத்தாள். பல்லைக் கடித்து அறுத்தாள். வாயில் உப்பு. கண்ணில் சூடு.

விட்டது.

இருவரும் பின்னால் விழுந்தார்கள். கறுப்புப் பெட்டி மிச்சக் கையை ஒரே இழுப்பில் விழுங்கிக்கொண்டது. 'சாதனம் ஏற்கப்பட்டது.' கோடு நிறைந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கக்கத்தில் கை கொடுத்து நிலத்தால் இழுத்து, வாசற்படி தாண்டி, முற்றத்து வெயிலில் போட்டாள். மூச்சு இருந்தது. உயிர் இருந்தது. அது போதும். சந்தைத் துவாயை முழங்கையில் இறுக்கிச் சுற்றினாள். சிவக்கும் என்று காத்திருந்தாள்.

சிவக்கவில்லை.

துவாய் வெள்ளையாகவே இருந்தது. அவள் ஒரு சுற்றை அவிழ்த்தாள். இன்னொரு சுற்று. கடைசிச் சுற்று.

சதை இல்லை. எலும்பு இல்லை. வெட்டிய இடம் முழுக்க, நெருக்கமாய், வரிசை வரிசையாய், வயர் முனையில் இருப்பதுபோல, பொன் நிறத்தில் ஊசிகள். ஈரமாய்.

எமில்ராஜ் கண் திறந்தான். வலியின் சுவடே இல்லாத முகம். மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான். அவளால் அசைக்க முடியவில்லை.

"என்னடியப்பா," என்றான் அன்பாக, "உன்ரை கை இவ்வளவு குளிர்ச்சியாய்க் கிடக்கு?"

கேட்டுக்கொண்டே அதைத் தன் முழங்கைப் பக்கம் இழுத்தான்.

ஊசிகள் விலகின. ஐந்து துளைகள். அவள் விரல்களின் அளவில்.