தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வெள்ளிமலைக்கும் மேலே இருக்கிற அந்த ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. கள்ளக்குறிச்சியில் கிளம்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏற ஏறக் காற்று குளிர்ந்து, மேலே வந்ததும் மூட்டம் போட்டுவிட்டது. பட்டப்பகலில் காருக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

நான் இளமாறன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுவேன். பதினொரு வருடமாக இந்த மலைப் பாதையில் வண்டி ஓட்டுகிறேன். குடித்துவிட்டு எதிரே வருகிறவர்களைத் தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. அன்று பின் சீட்டில் என் மனைவி கோகிலவாணி, ஏழு மாதக் கர்ப்பிணி. பக்கத்தில் அவளுடைய அம்மா பெரியநாயகி. அவள் மடியில் ஒரு முறம், முறத்தில் ஒரு படி தவிடு. அந்தத் தவிட்டைக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு வழி முழுவதும் எரிச்சல்.

கோகிலாவுக்கு மூச்சு நின்றுபோகும். இழுப்பு இல்லை, சளி இல்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று வாய் திறக்கும், காற்று உள்ளே போகாது. அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். உதடு நீலமாகும். பிறகு தானாக விட்டுவிடும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. எக்ஸ்ரே, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாவற்றிலும் நார்மல் என்று எழுதியிருந்தது. வலி எடுக்கும்போது இது வந்தால் இரண்டு உயிரும் தங்காது என்று ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பார்த்த மனநல டாக்டர் அம்மாதான் யாரும் கேட்காததைக் கேட்டார். "இவங்க பொறந்தப்ப என்ன நடந்துச்சு?"

பெரியநாயகி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள். கோகிலாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தொட்டிலிலேயே போய்விட்டன. நாலாவதாவது தங்க வேண்டும் என்று, பிறந்த இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டார்கள். வேண்டாத பிள்ளை என்று பெற்றவளே சொல்ல வேண்டும். வேறொருத்தி அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்க வேண்டும். எமன் ஏமாந்துபோவானாம். எங்கள் பக்கத்தில் குப்புசாமி, குப்பம்மாள் என்ற பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

டாக்டர் அம்மா முகம் சுளிக்கவில்லை. "பொறந்த ஒடனே அம்மாவோட சூடு இல்லாம, சாம்பல்ல மூச்சு முட்டிக் கெடந்திருக்காங்க. இவங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. உடம்புக்கு இருக்கும். இன்னும் அங்கயே கெடக்கிறதாதான் அது நெனச்சிக்கிட்டு இருக்கு. ஒரு தடவ அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நடந்தத அம்மா வாயாலயே கேக்கட்டும்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மாமியார் தவிடு அளந்து எடுத்துக்கொண்டது மட்டும் எதற்கு என்று புரியவில்லை.

மரவள்ளிக் காட்டில் கூலி வேலைக்காக மாமனார் குடும்பம் மலையேறிப் போயிருந்த காலம் அது. அவர்கள் இருந்த குடிசையின் அடையாளமே இப்போது இல்லை. குப்பைமேடு மட்டும் ஊர்க்கோடியில் அப்படியே இருந்தது. சாணி, சாம்பல், மரவள்ளித் தோல், மேலே கொஞ்சம் பிளாஸ்டிக் கவர்கள். உள்சூட்டில் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு பலாமரம். குழாயடியில் ஒரு பெண் குடத்தை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். நாங்கள் குப்பைமேட்டுப் பக்கம் திரும்பியதும், விளையாடிக்கொண்டிருந்த தன் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் திரும்பி வரவேயில்லை.

"சொல்லு" என்றாள் கோகிலா, அம்மாவிடம்.

பெரியநாயகி டாக்டரிடம் சொல்லாததை அங்கேதான் சொன்னாள்.

"பக்கத்து வூட்டு ஆயம்மா எடுக்கறதுன்னு பேச்சு. பெத்தவ திரும்பிப் பாக்கக் கூடாது. உன்னப் போட்டுட்டு நான் முதுகக் காட்டிக்கினு நின்னேன். பின்னால வந்து, 'யாரு புள்ள இது?'ன்னு கேட்டா. 'என்னுது இல்ல'ன்னேன். மூணு தடவ கேக்கணும், மூணு தடவ சொல்லணும். கேட்டா. சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு எதிர்லேர்ந்து ஆயம்மா வந்தா. இடுப்புல தண்ணிக் கொடம். 'சொனையில நேரமாயிடிச்சி, இப்பதான் வர்றேன்'னா."

மூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்தியது.

"திரும்பிப் பாத்தா குப்பையில புள்ள இல்ல. தோ, அந்த பலாமரத்தடியில கெடந்த. வாயோரம் பால் வழிஞ்சிக்கினு இருந்திச்சி. வயிறு நெறஞ்சி இருந்திச்சி. அப்ப இந்த ஊர்ல பால் குடுக்கற பொம்பள ஒருத்தியும் இல்ல, கோகிலா. எனக்கே இன்னும் சீம்பால் எறங்கல. ஆயம்மாகிட்ட தவிட்டக் குடுத்து வாங்கற மாதிரி வாங்கிக்கினோம். எட்டாம் நாளே மலைய வுட்டு எறங்கி நைனார்பாளையம் வந்துட்டோம். ஆயம்மா செத்துட்டா. நான் யாருகிட்டயும் சொல்லல."

கோகிலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மூணு தடவையுமா சொன்ன?" என்றாள். "குரல் வேறயா இருக்கேன்னு ஒரு தடவ கூடவா உனக்குத் தோணல? இருவத்தேழு வருசமா மூச்சு வுட முடியாம சாவறேன். என்ன யாருகிட்டம்மா குடுத்த?"

பெரியநாயகி முறத்தைக் கீழே வைத்தாள். "எடுக்காதவகிட்டருந்து வாங்கிட்டேன். எடுத்தவகிட்ட இன்னிக்குக் கேக்கறேன். மாப்ள, நீங்க குறுக்க வராதீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளைத்தாய்ச்சியை மலையேற்றிக் கொண்டுவந்து குப்பைமேட்டில் நிறுத்திப் பைத்தியக்காரத்தனம் செய்வதா? வண்டியில் ஏறு என்று கோகிலாவின் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டாள். "அம்மா கேக்கட்டும்ங்க. எனக்குக் கேக்கணும்" என்று சொல்லி, மேட்டின் ஓரத்தில் வண்டியிலிருந்த சாக்கைப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெரியநாயகி அன்று நின்றதைப் போலவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"தெரியாம குடுத்துட்டேன். இந்தா தவிடு. எம் புள்ளயத் திருப்பிக் குடு."

ஒன்றும் நடக்கவில்லை. குழாயடியில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெரிய மூச்சை விட்டுவிட்டு, போதும் கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

குழாய்ச் சத்தம் நின்றது.

"யாரு புள்ள இது?"

பயமுறுத்துகிற குரல் இல்லை. பேருந்தில் கிடக்கிற பையைக் காட்டி யாருடையது என்று ஒரு பெண் கேட்பாளே, அப்படிச் சாதாரணமாக இருந்தது. பலாமரத்துப் பக்கமிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

"என்னுது" என்றாள் பெரியநாயகி.

"யாரு புள்ள இது?"

இப்போது பக்கத்தில் கேட்டது.

"என்னுது! நான் பெத்தது!"

மூன்றாவது முறை கேட்கவில்லை.

கோகிலாவின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. தானாகச் சாயவில்லை. பின்னந்தலையில் கை வைத்து யாரோ அணைப்பது போல மெதுவாகச் சாய்ந்தது. அவளுக்கு முன்னால் வெறும் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்றில் அவள் மூக்கு நசுங்கியது. கன்னம் அழுந்தியது. உதடுகள் குவிந்து, அசைந்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பால் கொடுக்கிறாள்.

இத்தனை வருடமும் அவளுக்கு வந்தது வியாதி இல்லை. யாரோ ஆசையோடு பசியாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மூச்சு முட்டுகிறதே என்று பார்க்கத் தெரியாதவள்.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன். நகர்த்த முடியவில்லை. என் கைகளின் மேல் இன்னொரு ஜோடிக் கைகளின் குளிர்ச்சி இருந்தது. அரை நிமிடம். ஒரு நிமிடம். எப்போதும் விட்டுவிடுகிற நேரம் வந்தது. விடவில்லை. உதடு நீலமாகி, கறுத்தது. கண்கள் மேலே போயின. பெரியநாயகி மண்ணில் விழுந்து கும்பிட்டாள். ஒன்றரை நிமிடம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஒரு எழுத்து விடாமல் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"இவள வுட்டுடு! உனக்கு வேற இன்னா வேணும்னாலும் எடுத்துக்கோ!"

என் காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது.

"குடுப்பியா?"

"குடுக்கறேன்!"

யோசிக்கவே இல்லை.

கோகிலா காற்றை இழுத்தாள். நுரையீரல் முழுக்க, சத்தமாக இழுத்தாள். என் நெஞ்சில் சாய்ந்து, பிறந்த குழந்தை அழுவது போல வாய்விட்டு அழுதாள். அளந்து கொட்டிய தவிடு முறத்தில் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பெரியநாயகி எழுந்து வந்தாள். மகள் பிழைத்துவிட்டாள் என்று அவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. மகளுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கும் வழியில் கோகிலா தூங்கிவிட்டாள். கச்சிராயபாளையம் வந்தபோது மாமியார், "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க மாப்ள" என்றாள். வாயை மூடிக்கொண்டு வா என்று அவளிடம் சீறினேன்.

அதற்குப் பிறகு கோகிலாவுக்கு ஒருமுறை கூட மூச்சு நிற்கவில்லை. டாக்டர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, உடம்பு ஆறிடுச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். பிரசவம் சுலபமாக நடந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ. வெளியே வந்ததும் வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன். மலையில் நடந்தது எல்லாம் பயத்தில் வந்த மயக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒன்றரை மாதத் தடுப்பூசி ஒரு புதன்கிழமை வந்தது. எனக்கு அன்று சங்கராபுரத்துக்குச் சவாரி. கோகிலாவும் குழந்தையும் வீட்டிலேயே இருந்தார்கள். மத்தியானம் அசதியில் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கிவிட்டார்களாம். மறுநாள் மூன்று பேரும் துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் இசைவாணி என் காரில் அடிக்கடி சவாரி வருகிற பெண்தான். அங்கே வேலைக்குப் புதிதாக வந்தவள். கோகிலாவை அதுவரை பார்த்ததில்லை.

"இன்னாண்ணா, நேத்துதான் போட்டாச்சே?" என்றாள் என்னிடம். "உங்க வூட்டம்மா மத்தியானம் தூக்கிக்கினு வந்தாங்க. கார்டு கொண்டாரல. நோட்டுல ஏத்திக்கினேன்." பிறகு குழந்தையைக் கையில் வைத்திருந்த கோகிலாவைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க கொழந்தைக்கு என்ன ஒறவு, அக்கா?"

துணியை விலக்கிப் பார்த்தோம். குழந்தையின் இரண்டு தொடையிலும் ஊசி குத்தின தடம் சிவந்திருந்தது.

அன்று இரவே, மலையில் நான் என்ன கத்தினேன் என்பதைப் பெரியநாயகி மகளிடம் சொல்லிவிட்டாள். கோகிலா என்னைத் திட்டவில்லை. "எங்கம்மா தெரியாம குடுத்தா. நீங்க தெரிஞ்சே குடுத்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு குழந்தையை என் கையில் தருவதில்லை. ஒரு மாதமாகத் தரையில், தொட்டிலில் எங்கும் விடுவதில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

இரண்டாவது ஊசி இன்றைக்கு. நான் சவாரிக்குப் போகவில்லை. முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தாழ்போட்டேன். பெரியநாயகி முன்கதவுக்கு உள்பக்கமும், கோகிலா குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எனக்கு எதிரிலும் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை பால் குடித்துவிட்டு அவள் மடியில் தூங்கியது.

பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. நர்ஸ் இசைவாணி.

"அண்ணா, உங்க வூட்டம்மா வந்து ரொம்ப நேரமா இங்க பெஞ்சில உக்காந்துக்கினு இருக்காங்க. கொழந்த எங்கன்னு கேட்டா, 'அவரு குடுக்கறேன்னு சொன்னாரு, அவரே எடுத்துக்கினு வருவாரு'ன்றாங்க. எப்பண்ணா வர்றீங்க?"