தெரு முழுவதும் ஒரே நாடாவில்

வானிலை அறிக்கை சூரியப்புயலை அறிவித்ததும் தூத்துக்குடி மக்கள் முதலில் கொடியில் காயும் துணிகளை எடுப்பார்கள். சூரியப்புயலுக்கும் துணிக்கும் தொடர்பில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனினும் புயல் என்ற சொல்லுக்கு அவர்கள் காட்டும் மரியாதை அது. பிறகு, தங்கள் நினைவை நகலெடுத்துக் காத்துக்கொள்ள உப்புக்கிடங்கின் வாசலில் வரிசையாக நிற்பார்கள்.

வலைத்தெருவின் காப்பகர் சிலுவைமுத்து, கிடங்கின் நிலவறையில், யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் கணினியின் முன் அமர்ந்திருந்தார். புதிய கணினிகளின் நுண்சுற்றுகளைப் புயல் பொரித்துவிடும். பீரோ அளவுள்ள இந்தப் பழைய இயந்திரத்தின் தடித்த சுற்றுகளையும், ஓய்ந்து கிடக்கும் காந்த நாடாவையும் மட்டும் அது தீண்டுவதில்லை. மனிதரின் காதுக்குப் பின்னால் பதித்த நினைவுச்சில்லும் நுண்சுற்றே அல்லவா! பழைய நினைவுகள் மூளையில் படிந்துவிடும். கடைசி ஒரு மாதம் சில்லில்தான் இருக்கும். புயல் அந்த மாதத்தை அழித்துவிட்டால், நாடாவிலிருந்து அதை மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

"அண்ணாச்சி, எனக்கு இந்த மாசம் போனாலும் ஒண்ணுமில்ல. மச்சினன் வந்து தங்கியிருந்தான்" என்றார் ஐஸ் கம்பெனி கஸ்பார்.

"அப்போ வரிசைய விட்டு விலகும்."

"அவன் ஊருக்குப் போயிட்டாங்கிறதாவது ஞாபகம் இருக்கணும்லா! இல்லன்னா அவனுக்கும் சேத்துல்லா சோறு வடிப்போம்?"

சிலுவைமுத்துவுக்கோ இந்த மாதம் உயிர்போல. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்யாணப் பந்தியில், உறவினர் அனைவரின் முன்னிலையிலும், "இவளுக்கு என்ன தெரியும்?" என்று மனைவி அமலோற்பவத்தைக் காட்டி அவர் கேட்டுவிட்டார். அன்று நின்ற பேச்சு இம்மாதம்தான் மீண்டும் தொடங்கியிருந்தது. இந்த மாதத்தை இழந்தால், அவர் மறுபடியும் பேச்சற்ற வீட்டின் குடித்தனக்காரர் ஆகிவிடுவார்.

வழக்கமாக ஆளுக்கொரு நாடா உண்டு. இம்முறை புதிய நாடாக்கள் வந்து சேரவில்லை. ஆகவே தெரு முழுவதையும் நீளமான ஒரே நாடாவில், ஒருவர் பின் ஒருவராக எழுதினார். முதலில் தம்மை எழுதிக்கொண்டார். குடும்பத்துக்குச் சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாதென்று மனைவியைக் கடைசியில் நிறுத்தினார்.

"எல்லாம் ஒழுங்கா விழுந்திருக்கான்னு ஒரு தடவ படிச்சுப் பாத்திரலாம்லா?" என்றார் அமலோற்பவம்.

அந்தப் பழைய கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. சிலுவைமுத்து அதை விழுங்கினார்.

"யூனிக்ஸு ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்."

"நானுந்தான் ஆறு வருஷமா ஒண்ணும் சொல்லல. எல்லாம் சரியாவா இருந்துச்சு?"

வரிசை சிரித்தது. சிலுவைமுத்து நாடாவின் உறைமேல் 'வலைத்தெரு – அனைவரும்' என்று அழகாக எழுதினார். நாடாவைப் படித்துப் பார்க்கவில்லை.

புயல் வந்தது, போயிற்று. ஒரு மாதத்தைத் தொலைத்த மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். சிலுவைமுத்து தம் கையெழுத்தைக் கண்டு, அந்த நாடாவை இயக்கியில் பொருத்தி, முதலில் தமக்கும் பிறகு அனைவருக்கும் ஏற்றினார். ஏற்றிய நினைவு தெளியச் சிறிது நேரமாகும். அதற்காகக் கிடங்கு வாசலில் எல்லோருக்கும் தேநீர் கொடுப்பது மரபு.

முதலில் தெளிந்தவர் கஸ்பார். சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"வே! ஈரத்துண்டக் கட்டில்ல போடாதியும்னு உமக்கு எத்தன தடவ சொல்ல?"

"பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்று பரிவோடு அவரிடம் கேட்டாள், எதிர்வீட்டுப் பிலோமி. கேட்டபின் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"என்னா குறட்ட! மனுசன் தூங்க முடியுதா?" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மனைவியை இழந்து தனியாக வாழ்பவர்.

சிலுவைமுத்துவின் மண்டைக்குள்ளும் விடிந்தது. கட்டிலில் ஒருவர் வாயைத் திறந்து உறங்குகிறார், அது அவரேதான். யூனிக்ஸில் நாடா இயக்கிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒரு பெயரால் அழைத்தால் எழுதியதும் நாடா தொடக்கத்துக்கே சுற்றிக்கொள்ளும். மற்றதால் அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆளுக்கொரு நாடா என்ற பழக்கத்தில், அவர் முதற்பெயராலேயே அழைத்திருக்கிறார். அதனால் ஒவ்வொருவரும் முந்தியவர்மேல் எழுதப்பட்டார்கள். எஞ்சியவர் கடைசியாக வந்தவர். வலைத்தெரு மொத்தமும் அமலோற்பவமாக ஒரு மாதம் சிலுவைமுத்துவோடு குடும்பம் நடத்தியிருந்தது.

நின்ற பேச்சை மீண்டும் தொடங்கிவைத்த மொட்டைமாடி நினைவும் எல்லோருக்கும் வந்தது. கொடியின் மறுபுறம் நின்று, துணிக்கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பு எம்மேலதான்" என்கிறார் சிலுவைமுத்து. தெரு முழுவதும் அதைக் கேட்டிருந்தது. சொன்ன நினைவு மட்டும் எவரிடமும் இல்லை.

அமலோற்பவம் அவர் முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்கு நீங்க மனசாரத்தான் சொன்னீங்களா?"

சிலுவைமுத்து தமக்குள் தேடினார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் மனைவியின் நெஞ்சில் எழுந்த மகிழ்ச்சி அங்கே இருந்தது. அதை நம்பலாமா என்ற ஐயம் இருந்தது. தினமும் படுக்கும்போது அந்தக் கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்து எரிந்ததும் இருந்தது. அவருடைய மனம் மட்டும் அங்கே இல்லை.

"தெரியல" என்றார்.

"தெரியலையா!" என்று தெருவே கொதித்தது. அதே ஐயத்தை அவர்களும் ஒரு மாதம் சுமந்தவர்கள் அல்லவா!

"அன்னைக்கு எதுக்குச் சொன்னேன்னு தெரியல. ஆனா, என்கூட ஒரு மாசம் இருந்து பாத்துட்டேன். உன் எடத்துல நானா இருந்தா ஆறு வருஷம் கழிச்சும் பேசியிருக்க மாட்டேன். தப்பு எம்மேலதான். இப்போ தெரிஞ்சு சொல்றேன்."

கஸ்பார் மூக்கை உறிஞ்சினார். "சரி, விடும். மன்னிச்சாச்சு."

"நீங்க சும்மா இருங்கண்ணே. மன்னிக்கிறதுக்கு நான் இருக்கேன்" என்றார் அமலோற்பவம்.

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது. நேற்றுவரை அவர் நினைத்தது அனைத்தும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இந்த நொடி என்ன நினைக்கிறார் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அமலோற்பவம் அதை அறிந்திருந்தார். எனவே, தேநீரை எடுத்து நிதானமாக ஆற்றத் தொடங்கினார்.