அறுபத்தெட்டு ‘டிக்’

ரூபினியின் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எப்போதும் ஒரு கதை பரிமாறப்படும். சோறு ஆறினாலும் பரவாயில்லை, கதை ஆறக் கூடாது என்பது அம்மாவின் கட்சி.

அம்மா பிரேமலாவுக்கு வேலையே கதை எழுதுவதுதான். ‘வீட்டுத்திரை’ என்ற சிறிய நிறுவனத்தில் அவர் எழுதுகிறார். குடும்பங்கள் மாதச் சந்தா கட்டி, டிவியிலும் போனிலும் பார்க்கும் தமிழ் நிகழ்ச்சிகளை அந்த நிறுவனம் தருகிறது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் அதன் அலுவலகம் இருந்தது. கீழே அழுகைச் சத்தம் கேட்கும். மேலே சிரிக்க வைக்க வேண்டும். கொஞ்சம் சிரமமான வேலைதான்.

அன்று அம்மா தன் புது நிகழ்ச்சியின் முதல் பாகத்தைப் படித்துக் காட்டினார். பெயர் ‘ஏழாம் மாடி’. அதில் முகிலன் என்ற பையன் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். ஒருநாள் அவன் வீட்டு வாசலில் தேங்காய்ப்பால் சோறும் கோழிக்காலும் வைத்த ஒரு நாசி லெமாக் பொட்டலம் கிடக்கிறது. யாரோ ஆர்டர் செய்தது வீடு மாறி வந்துவிட்டது. வாசனை சும்மா விடுமா? வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிடுகிறார்கள். கோழிக்கால் எலும்பாகிவிட்ட நேரத்தில் பக்கத்து வீட்டு ஐயாசாமி கதவைத் தட்டுகிறார். “என் பொட்டலம் இங்க வந்துச்சா?” என்று கேட்கிறார்.

“இந்த இடத்துல எல்லாரும் அப்படியே நின்னுடுவாங்க. ‘நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?’ன்னு முகிலன் நம்மளப் பார்த்துக் கேப்பான். அப்புறம் பத்து விநாடி சத்தமே இருக்காது” என்றார் அம்மா.

“எலும்பு இருக்குல்ல, அதக் குடுத்துடலாம்” என்றான் ஆறு வயதுத் தம்பி ஹேமநாதன்.

“எலும்பையா? அவரு என்ன நாயா?” என்று ரூபினி சண்டைக்குப் போனாள். சண்டை பத்து நிமிடம் நடந்தது. அப்பா குணாளன் மட்டும் அதில் சேரவில்லை. அவர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். முதல் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கிவிட்டார்.

அம்மா காகிதத்தை மடித்தார். “சனிக்கிழமை பார்வை நாள், ரூபினி. எட்டுப் பிள்ளைங்க வந்து ரெண்டு புது நிகழ்ச்சி பார்ப்பீங்க. ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு. ‘ஏழாம் மாடி’ வரலைன்னா, நான் பழையபடி வெளிநாட்டுக் கார்ட்டூனுக்கு வசனம் மாத்தி எழுதப் போயிடணும்.”

“உங்களோடதுக்கு நான் சிரிச்ச முகம் போடுறேன்மா!”

“பிடிச்சாத்தான் போடணும். பிடிக்காம போட்ட சிரிப்ப வெச்சு நான் என்ன பண்றது? அது நான் எழுதினதுன்னும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

ரூபினி சத்தியம் செய்தாள். பிடிக்காமல் போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை கெலாங் பாத்தாவில் இருந்த வீட்டிலிருந்து அம்மாவின் காரில் ரூபினியும் அவள் பள்ளித் தோழி ஷரோனும் கிளம்பினார்கள். அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ‘குடும்பத்தோடு பாருங்கள்!’ என்று எழுதியிருந்தது. பார்வை அறையோ ஐஸ்பெட்டிபோல் குளிர்ந்தது. எட்டு நாற்காலிகள் ஒன்றுக்கொன்று கைக்கெட்டாத தூரத்தில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்ஃபோன்.

மூலையில் வினிஃப்ரெட் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் கையில் சின்னக் கருவி ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் எண் கூடும். பிள்ளைகள் திரையைவிட்டு எங்கே திரும்பினாலும் அக்கா அதை அழுத்த வேண்டும். அதுதான் அவர் வேலை.

நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி மனோகரன் உள்ளே வந்தார். “பேசக் கூடாது. கடைசியில அட்டையில ஒரு முகம் வரைஞ்சு குடுங்க. சிரிச்ச முகம், அழுத முகம், ரெண்டும் இல்லாத முகம். சரியா?”

முதலில் ஒரு ரோபோ நிகழ்ச்சி ஓடியது. ரோபோ பறந்தது, இடித்தது, வெடித்தது, மறுபடியும் பறந்தது. எட்டுப் பிள்ளைகளும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். வினிஃப்ரெட் அக்காவுக்குக் கொட்டாவிதான் வந்தது.

அடுத்து ‘ஏழாம் மாடி’. பொட்டலம் வந்தது. கோழிக்கால் எலும்பானது. ஐயாசாமி கதவைத் தட்டினார். முகிலன் திரும்பிப் பார்த்து, “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றான்.

ரூபினி சட்டென்று ஷரோன் பக்கம் திரும்பினாள். டிக்! ஷரோனும் இவளைப் பார்த்தாள். டிக்! ரூபினி வாயைத் திறந்தாள். வினிஃப்ரெட் அக்கா உதட்டில் விரல் வைத்தார். ரூபினி வாயை மூடிக்கொண்டாள்.

ஹெட்ஃபோனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று... அந்தப் பத்து விநாடி எவ்வளவு நீளம்! சிரிப்பு நெஞ்சுக்குள்ளேயே வந்து, உள்ளேயே செத்துப்போனது. வீட்டில் அவ்வளவு நன்றாக இருந்த கதை இங்கே சப்பென்று இருந்தது.

அட்டை வந்தது. ரூபினி பென்சிலைக் கடித்தாள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. செய்த சத்தியமும் கூடவே வந்தது. ஒரு வட்டம் போட்டாள், கண் வைத்தாள். வாய்க்கு மட்டும் வளைவு இல்லாமல் நேராக ஒரு கோடு இழுத்தாள்.

வெளியே மனோகரன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது.

“ரோபோவுக்கு நாலு டிக். உங்களோடதுக்கு முப்பத்தொன்பது! முகமும் பாதிக்கு மேல நேர் வாய்தான். கதை நல்லாத்தான் இருக்கு, பிரேமலா. ஆனா பிள்ளை கண்ண எடுத்தா வேற நிகழ்ச்சி தேடும். அப்படியே போனா அடுத்த மாசம் அந்த வீடே நம்மள விட்டுப் போயிடும். நமக்கு வேற வழி இல்ல.”

“புரியுது சார்” என்றார் அம்மா. சிரித்தார். ஆனால் அது கடையில் பை வேண்டாம் என்று சொல்லும்போது சிரிக்கும் சிரிப்பு.

ஷரோன் ரூபினியின் காதில், “ஏய், உங்கம்மா எழுதினதா? முன்னாடியே சொல்றதுக்கென்ன! அட்டை இன்னும் மேசையிலதான் இருக்கு. போய் எல்லா வாயையும் வளைச்சிட்டு வந்துடவா?” என்றாள்.

“வேணாம்லா.”

“அதுல ஒண்ணு என்னோடது. நேர் வாய்தான் போட்டேன். சாரி.”

“நானும் அதான் போட்டேன்” என்றாள் ரூபினி.

அம்மா பிள்ளைகளுக்கு மைலோ கலக்கச் சமையல் மேடைக்குப் போயிருந்தார். ரூபினி பின்னாலேயே போனாள்.

“அம்மா, நானும் நேர் வாய் போட்டுட்டேன்.”

அம்மாவின் கை நின்றது. “நெசமா எப்படி இருந்துச்சோ அதத்தான் போட்டியா?”

“ஆமாம்மா.”

“அப்ப சரி” என்றார் அம்மா. ஏற்கெனவே கலக்கியிருந்த மைலோவை மறுபடியும் கலக்கத் தொடங்கினார். ரூபினிக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கோப்பைகளைத் தட்டில் வைத்து அவள்தான் எடுத்துப் போனாள். கூடத்தில் ஒரே இரைச்சல்.

“கதவையே திறக்கக் கூடாது. வீட்ல யாரும் இல்லைன்னு நெனைச்சுப் போயிடுவாரு!” என்றாள் ஷரோன்.

“நாசி லெமாக் வாசம் வெளிய வருமே, முட்டாள்!” என்றான் கண்ணாடி போட்ட ஒரு பையன். அவன் பெயர் கால்வின். “எங்க வீடா இருந்தா எங்கம்மா புதுசு வாங்கிக் குடுத்து, எங்களுக்கு ரெண்டு அடியும் குடுத்திருப்பாங்க.”

“நீ தின்னுட்டா நீதான் சொல்லணும். அம்மா எதுக்குச் சொல்லணும்?” என்றாள் இன்னொருத்தி.

ஆளுக்கொன்று பேசினார்கள். மைலோவை யாரும் தொடவில்லை. ரூபினி தட்டோடு அப்படியே நின்றாள். ரோபோவைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லையே!

அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்தப் பத்து விநாடி சும்மா இருப்பதற்கு அல்ல. பேசுவதற்கு. வீட்டில் பேசினோம், நன்றாக இருந்தது. இங்கே வாயைக் கட்டிவிட்டார்கள், சப்பென்று போய்விட்டது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக மனோகரனிடம் போனாள்.

“அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? நாங்க திரும்பினப்போ எங்க பார்த்தோம்னு அக்கா எழுதினாங்களா?”

மனோகரன் வினிஃப்ரெட்டைப் பார்த்தார். அக்கா தாளைப் பார்த்தார். “இல்ல சார். திரும்பினா டிக், அவ்வளவுதான் சொன்னீங்க.”

“நான் ஷரோனப் பார்த்தேன், அங்கிள். பேசணும்னு இருந்துச்சு. பேச முடியல. அதான் நேர் வாய் போட்டேன்.” ரூபினி மூச்சு வாங்கினாள். “வெளிய சுவத்துல ‘குடும்பத்தோடு பாருங்கள்’னு எழுதியிருக்கு. உள்ள ஆளுக்கொரு ஹெட்ஃபோன் குடுத்து, பேசக் கூடாதுன்னா எப்படி? எங்க வீட்ல யாரும் அப்படிப் பார்க்க மாட்டோம்.”

மனோகரன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்த வாசகத்தைச் சுவரில் எழுதச் சொன்னவரே அவர்தான். வினிஃப்ரெட் அக்கா சிரிப்பை அடக்கக் குனிந்து காலணியைச் சரிசெய்தார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

“எனக்குப் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் இருக்கு” என்றார் மனோகரன் கடைசியில். “ரெண்டாம் பாகம் பத்து நிமிஷம்தான? ஓட்டுங்க. உங்க இஷ்டப்படியே பாருங்க.”

நாற்காலிகள் ஓரம் போயின. பாய் விரித்தார்கள். ஹெட்ஃபோன்கள் பெட்டிக்குள் போயின. எட்டுப் பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனோகரன் கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

இரண்டாம் பாகத்தில் முகிலன் பந்தடித்து ஐயாசாமியின் பூந்தொட்டியை உடைத்துவிடுகிறான். திட்டு வாங்கியது ஒரு பூனை. “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான் முகிலன்.

பாயில் கூச்சல் வெடித்தது. “பூனை பாவம்!” “சொல்லிடணும்!” “பூனைக்குத்தான் தமிழ் தெரியாதே, திட்டினா என்ன?” டிக், டிக், டிக் என்று வினிஃப்ரெட் அக்காவின் கட்டைவிரல் ஓயவில்லை.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை?” என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது. “பூனைக்கு ஒரு மீன் வாங்கிக் குடுத்துட்டா போச்சு!”

எட்டுத் தலைகளும் திரும்பின.

“அலமாக்! அங்கிள், அது லஞ்சம்!” என்று கத்தினான் கால்வின்.

“லஞ்சமா? மீனா? டேய், அது மன்னிப்புடா!”

“மன்னிப்பு கேக்கணும்னா ஐயாசாமிகிட்டல்ல கேக்கணும்!”

மனோகரன் பதில் சொல்லக் கையை உயர்த்தினார். அப்போது திரையில் கதை மறுபடியும் ஓடத் தொடங்கியது. எல்லாரும் கேட்ட வேகத்தில் திரும்பிக்கொண்டார்கள். முகிலன் என்ன செய்யப் போகிறான் என்று தெரிய வேண்டுமே! மனோகரனும் தன்னை அறியாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

படம் முடிந்ததும், “எத்தனை?” என்று கேட்டார்.

“அறுபத்தெட்டு சார்” என்றார் வினிஃப்ரெட் அக்கா. “உங்க தலையையும் சேர்த்து.”

மனோகரன் பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனார். திரும்பி வந்து அம்மாவை அழைத்தார். ரோபோ தினமும் வரும், அதில் மாற்றம் இல்லை என்றார். அம்மா தலையாட்டினார்.

“ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்ல எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க. அந்த நேரத்துக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல. ‘ஏழாம் மாடி’ ஆறு பாகம் போடுவோம். அதுக்கு மேல வீடுங்க சொல்லட்டும். அப்புறம் வினிஃப்ரெட், உங்க தாள்ல இன்னொரு கட்டம் போடுங்க. திரும்பினா யாரப் பார்த்தாங்கன்னு எழுதணும்.”

அம்மா காரில் ஏறினார். பெல்ட்டை மாட்டிவிட்டு, “நீ மட்டும் இன்னிக்குப் பொய்யா சிரிச்ச முகம் போட்டிருந்தா எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்டி” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். ரூபினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழியெல்லாம் ஷரோனின் தோளைக் குத்திக்கொண்டே வந்தாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ‘ஏழாம் மாடி’ முதல் பாகம் வீட்டு டிவியில் வந்தது. அன்று அப்பாவுக்கு விடுமுறை. நன்றாகத் தூங்கி எழுந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பொட்டலம் வந்தது. கோழிக்கால் எலும்பானது. ஐயாசாமி கதவைத் தட்டினார்.

“நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல” என்றார் அப்பா.

மூன்று தலைகள் மெல்லத் திரும்பின.

“சொல்லலையா? என்னப்பா சொல்லல?” என்றாள் ரூபினி.

அப்பா காதைச் சொறிந்தார். “போன மாசம் பக்கத்து வீட்டு மூர்த்திக்கு வந்த முர்தபா ரொட்டி, தப்பா நம்ம கேட்ல தொங்கிட்டு இருந்துச்சு. வேலை முடிஞ்சு வந்த பசி. நம்மளோடதுன்னு நெனைச்சுட்டேன். பாதியிலதான் பேரப் பார்த்தேன்.”

“அன்னிக்குப் பசிக்கலைன்னு நான் வெச்ச சாதத்தத் தொடவே இல்ல நீங்க!” என்றார் அம்மா.

“எலும்பு இருக்கா?” என்றான் ஹேமநாதன்.

“முர்தபால ஏதுடா எலும்பு!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். “கடை இன்னும் திறந்திருக்கும். ஒண்ணு வாங்கிட்டு வந்து மூர்த்திகிட்டச் சொல்லிடுறேன். ரூபினி, துணைக்கு வாயேன். தனியாப் போக வெக்கமா இருக்கு.”

“நானும்!” என்று ஹேமநாதன் செருப்பைத் தேடினான். “நான் இல்லாம மூர்த்திகிட்ட எப்படிச் சொல்வீங்க?” என்று அம்மாவும் கிளம்பினார். நால்வருக்கு மோட்டார் சைக்கிள் போதாது என்பதால் காரை எடுத்தார்கள்.

கூடத்தில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முகிலன் ஐயாசாமியிடம் என்ன சொன்னான் என்பதை அன்று அந்த வீட்டில் யாருமே பார்க்கவில்லை.