முப்பத்தொன்றாம் தொட்டி

அலாரம் அலறியது. சந்திரமோகன் கையிலிருந்த டீ மேசைமேல் சிந்தியது.

திரையில் சிவப்பு எழுத்து: தொட்டி 31.

அந்தத் தொட்டியின் கேபிளை ஒரு வாரத்துக்கு முன்பே அவன் தன் கையாலேயே பிடுங்கியிருந்தான்.

எதிர் நாற்காலியில் ராமக்காள். தொட்டி ஒழுகலை அடைக்க வந்து செத்துப்போன சென்னப்பனின் மனைவி. மடியில் புருஷனுடைய போன். ஏரியூரிலிருந்து பஸ் பிடித்து இது மூன்றாவது தடவை. கேட்பது ஒரே கேள்வி.

"அன்னைக்கு இந்த மணி அடிக்கவே இல்லீங்களா சார்? பொங்கல் லீவு மூணு நாளும் ஒகேனக்கல் ரோடெல்லாம் தேடுனேங்க. அவரு தொட்டிக்குள்ள போன் லைட்டப் போட்டுக்கிட்டுக் கெடந்திருக்காரு."

"அடிக்கலீங்க."

விசாரணையிலும் அதையேதான் சொன்னான்.

வெளியே கரட்டுக் குன்றடிப் பொட்டலில் மதிய வெயில். நூறு இரும்புத் தொட்டிகள். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் உறையும் தண்ணீரும் கும்மிருட்டும். வானத்திலிருந்து விழும் காஸ்மிக் கதிர்கள், மிகப் பலவீனமானவைகூட, அந்தத் தண்ணீரில் கிளப்பும் துளி வெளிச்சத்தைக் கருவி எண்ணும். வேறு வெளிச்சம் புகுந்தால் அலாரம்.

அன்றும் அடித்தது. பொங்கல் லீவுக்கு முந்தின சாயங்காலம். ஒழுகலை அடைக்க வற்றவைத்த 31-இன் மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்க்காமலே போல்ட்டை முடுக்கிவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை எகிறியது, மும்மூன்றாக. ஏதோ கோளாறு. பென்னாகரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தொட்டியின் அலாரத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டான். இரும்புக்குள் டவர் எடுக்காது. லீவு முடிந்து திறந்தபோது சென்னப்பன் மூடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான், அணைந்த போனை உயர்த்திப் பிடித்தபடி.

அன்றைய பதிவை அழித்தது யாருக்கும் தெரியாது.

இப்போதும் அணைத்தான். மறுபடி அடித்தது. மூன்று. இடைவெளி. மூன்று.

"இது எதுக்குங்க அடிக்குது?"

"எலி... வயரைக் கடிச்சிருக்குங்க."

எழுந்து நடந்தான். அவளும் பின்னாலேயே வந்தாள். காய்ந்த புல் காலடியில் மொறுமொறுக்க, தொட்டிச் சுவர்களில் இரண்டு நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்க, ஈரமான கறுப்புப் பிளாஸ்டிக் வாடை மூக்கை அடைக்க, அவன் 31-இன் ஏணியில் கால் வைத்தான். பிடுங்கிய கேபிள் எதிலும் சேராமல் தொங்கியது.

அத்தனை வெயிலிலும் போல்ட் சில்லென்றிருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மூடி.

இருட்டு.

திரும்பிப் பார்த்தான். போன் அவள் கையில்தான் இருந்தது. திரை கறுத்துப்போய்.

அடியிலிருந்து வெள்ளை வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. மூன்று முறை. ஏணியடியில் ராமக்காள் உறைந்து நிற்க, உள்ளேயிருந்து அந்தப் பழகிய குரல் கேட்டது.

"சார், இந்தத் தடவையாச்சும் லைட்டு தெரியுதுங்களா?"